மேடை கேள்வி பதில்: இரண்டு ரோமியோ, ஒரு ஜூலியட், 77 வயதில் ஆஸ்கர்

சென்ற இதழில் ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்தில் வரும் மிசஸ் மூர் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம். டிசம்பர் நாடகங்களுக்கு ஒத்திகை தொடங்கிவிட்டது போலிருக்கிறது. பாதிக் கேள்வி அந்த நடிகையைப் பற்றி, மீதிப் பாதி உங்கள் ஊர் மேடையைப் பற்றி. இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

மிசஸ் மூராக நடித்த அந்த அம்மா யார்? வயதான பிறகுதான் நடிக்க வந்தாரா?
– வாசகி, வடசேரி

பெயர் பெகி ஆஷ்கிராஃப்ட். லண்டனை ஒட்டிய கிராய்டனில் 1907 டிசம்பர் 22 அன்று பிறந்தார். உங்கள் ஒழுகினசேரியில் கலைவாணர் பிறப்பதற்குப் பதினோரு மாதம் முன்பு. வயதான பிறகு நடிக்க வந்தவரில்லை. நாம்தான் அவருக்கு வயதான பிறகு பார்த்தோம். முதல் தொழில்முறை நாடகம் 1926இல், பர்மிங்ஹாம் ரெப்பர்டரி அரங்கில். 1930இல் லண்டன் சவாய் அரங்கில் ‘ஒதெல்லோ’. ஒதெல்லோவாகக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சன், அவனுடைய வெள்ளைக்கார மனைவி டெஸ்டிமோனாவாக 22 வயது ஆஷ்கிராஃப்ட். நடிப்பைப் பற்றிப் பேசவேண்டிய பத்திரிகைகள் நிறத்தைப் பற்றிப் பேசின.

1935இல் ஜூலியட். 1949இல் ‘தி ஏரஸ்’, 1952இல் ‘தி டீப் ப்ளூ சீ’, 1954இல் இப்சனின் ஹெடா காப்ளர். 1956இல் ‘டேம்’ பட்டம். 1960களின் தொடக்கத்தில் இயக்குநர் பீட்டர் ஹால் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியைக் கட்டியபோது முதல் ஆளாகக் கூட நின்றவர்களில் ஒருவர். கடைசி மேடை வேடம் 1981இல், ‘ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்’ நாடகத்தின் சீமாட்டி. மேடையில் ஐம்பத்தைந்து வருஷத்தை முடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் இந்தியக் கதைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தன: கிரனடா டிவியின் ‘தி ஜுவல் இன் தி கிரௌன்’ தொடரும், டேவிட் லீனின் இந்தப் படமும். 1991 ஜூன் 14 அன்று காலமானார்.

லீன் அழைத்தபோது தனக்கு 75 வயதாகிவிட்டது என்று தயங்கினாராம். எனக்கும் அதே வயதுதான் என்றாராம் லீன். உண்மையில் லீன் மூன்று மாதம் இளையவர்.

எங்கள் சர்ச் ஹாலில் மைக் இரண்டுதான் உண்டு. மழை பெய்தால் ஷீட் கூரைச் சத்தத்தில் வசனம் கேட்காது. ஆஷ்கிராஃப்ட் காலத்தில் மைக் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்?
– ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை, கொல்லங்கோடு

ஆஷ்கிராஃப்ட் படித்தது எல்சி ஃபோகர்டியின் சென்ட்ரல் ஸ்கூலில். அப்போது அது லண்டன் ஆல்பர்ட் ஹாலுக்குள் இயங்கியது. குரல்தான் அங்கே பிரதான பாடம். ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ வழக்குக் காட்சியில் ஷைலக்காக நடித்த சக மாணவர் லாரன்ஸ் ஒலிவியரோடு பரிசைப் பகிர்ந்துகொண்டவர் போர்ஷியாவாக நடித்த இவர். ஆனால் குரலே எல்லாம் என்ற அந்தப் போக்கில் அவருக்குப் பெரிய திருப்தி இல்லை. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியைப் படித்துத்தான் நடிப்பின் உள்வேலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டும் வேண்டும் என்பது எங்கள் கட்சி. கேட்காத வசனத்துக்கு உள்வேலை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

அந்தப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறைக்கு ‘ரிப் ரிசர்வ்’ என்று பெயர். கீழ் விலாவை விரித்தபடி வைத்துக்கொண்டு, வயிற்றுக்கு மேலுள்ள உதரவிதானத்தால் மட்டும் மூச்சை விடுவது. நீண்ட வரியின் கடைசியிலும் கொஞ்சம் காற்று மிச்சமிருக்கும். அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். விலாவை விறைப்பாக நிறுத்திவைத்தால் கழுத்தும் சேர்ந்து விறைத்துப்போகிறது என்று பிற்காலப் பயிற்சியாளர்கள் பலர் அதைக் கைவிட்டார்கள். அதன் முதல் பாதி மட்டும் போதும்:

தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள், முழங்கால் மடித்து. இரண்டு கையும் கீழ் விலாவின் பக்கவாட்டில். மூக்கால் மூச்சை இழுக்கும்போது கை வெளியே தள்ளப்பட வேண்டும். தோள் காதுப் பக்கம் ஏறினால் தப்பு. அந்த மூச்சு நெஞ்சின் மேலேயே நின்றுவிடும், நான்கு சொல்லுக்குள் தீர்ந்துபோகும். பிறகு சாதாரணக் குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்து வரை குரல் நடுங்காமல் வந்தால் மறுநாள் பன்னிரண்டு. இருபதுக்கு மேல் போகத் தேவையில்லை. படுத்துச் சரியாக வந்த பிறகு நின்று, அதன் பிறகு நடந்து. தினமும் ஐந்து நிமிஷம் போதும். குழந்தைகளை ‘சத்தமா, சத்தமா’ என்று விரட்டாதீர்கள். தொண்டையால் கத்துவார்கள், மூன்றாம் நாள் குரல் கட்டிவிடும்.

இன்னொரு விஷயம் தமிழ் நாடகத்துக்கே உரியது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது. மூச்சும் கடைசியில்தான் தீர்கிறது. ‘ஏரோது ராஜா குழந்தையைக் கொல்லச் சொல்லி…’ வரை கேட்கும். சொன்னானா, சொல்லவில்லையா என்பது மழையோடு போய்விடும். ஒத்திகையில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லுக்கும் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால், தேவைப்பட்டால், ஒரு குட்டி மூச்சு. ஹாலின் கடைசி பெஞ்சில் ஒரு ஆளை உட்காரவைத்து, கடைசிச் சொல்லை மட்டும் எழுதி வரச் சொல்லுங்கள். எங்கே காகிதம் காலியாக இருக்கிறதோ அங்கே வேலை.

மைக் இரண்டையும் மேடை முன் விளிம்பில், ஆறடி இடைவெளியில், தரையை ஒட்டி வையுங்கள். அடியில் மடித்த துண்டு ஒன்று. இல்லாவிட்டால் வசனத்தைவிடக் காலடிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். நாடக நேரத்துக்கு ஃபேனை நிறுத்துங்கள். முன்வரிசைப் பெரியவர்கள் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

ஆஷ்கிராஃப்ட் எத்தனை கல்யாணம் செய்தவர்?
– வாசகர், இரணியல்

மூன்று. பதிப்பாளர் ஒருவர், ரஷ்ய நாடக இயக்குநர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர். மூன்றும் விவாகரத்தில் முடிந்தன. மூன்றாமவரான ஜெரமி ஹட்சின்சன் 1960இல் ‘லேடி சாட்டர்லி’ நாவல் வழக்கில் பதிப்பகத்துக்காக வாதாடியவர்களில் ஒருவர். இரண்டு பிள்ளைகள். அடுத்த கேள்வி.

19 வயதுப் பெண்பிள்ளை தீர்க்கதரிசி அன்னாளாக நடிக்கிறாள். 84 வயது விதவை. மேக்கப் போட்டால் பேய் மாதிரி இருக்கிறது, குனிந்து நடந்தால் வசனம் கேட்கவில்லை. என்ன செய்வது?
– வாலிபர் சங்கச் செயலாளர், மார்த்தாண்டம்

இதில் ஆஷ்கிராஃப்டிடம் பாடம் இருக்கிறது. 1963இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் பீட்டர் ஹாலும் ஜான் பார்ட்டனும் ஷேக்ஸ்பியரின் சரித்திர நாடகங்களைச் சுருக்கி ‘தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்’ என்று மூன்று நாடகமாக மேடையேற்றினார்கள். சில நாட்களில் காலை, மதியம், இரவு என்று மூன்றும் ஒரே நாளில். அதில் அரசி மார்கரெட் முதல் நாடகத்தில் பிரான்சிலிருந்து வரும் இளம்பெண். கடைசி நாடகத்தில் சாபமிடும் கிழவி. நடித்தவருக்கு அப்போது வயது 55. கிழவியாவதைவிட இளம்பெண்ணாவதுதான் அவருக்குச் சிக்கலான பாதி. பிரெஞ்சுக்காரி என்பதற்கு ‘ர’கரத்தை லேசாகக் குழைத்து, மூன்று நாடகத்திலும் அதை விடாமல் வைத்துக்கொண்டார். வயது மாறும், ஆள் மாறாது என்பதை அந்த ஓர் ஒலி சொல்லிவிட்டது. நம் பக்கமும் இதற்கு முன்னோடி உண்டு. டி.கே.எஸ். சகோதரர்களில் சண்முகம் முப்பதை ஒட்டிய வயதில் கட்டிய கிழவி வேடத்தால்தான் ‘அவ்வை’ சண்முகம் ஆனார்.

உங்கள் பெண்பிள்ளைக்கு வருவோம். முதுகைக் குனியச் சொல்லாதீர்கள். குனிந்தால் தொண்டை மடங்கும், முகம் தரையைப் பார்க்கும், குரலும் தரைக்கே போகும். அதற்குப் பதிலாக வலி ஒரே ஒரு மூட்டில் இருப்பதாக முடிவு செய்யுங்கள். வலது முழங்கால் என்று வைத்துக்கொள்வோம். படி ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். உட்கார்ந்து எழும்போது முதலில் இரண்டு பாதத்தையும் பின்னால் இழுத்துக்கொள்வது, பிறகு கையை ஊன்றுவது, ஒரு மூச்சு, அப்புறம் எழுவது, எழுந்ததும் நடக்காமல் ஒரு விநாடி நிற்பது. இந்த வரிசையைப் பத்துத் தடவை செய்யவைத்தால் உடம்பே பிடித்துக்கொள்ளும். முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். கழுத்தைத் திருப்புவதற்குப் பதில் தோளோடு சேர்த்துத் திரும்பட்டும். குரலை நடுங்கவிட வேண்டாம். நடுங்கும் குரல் என்றாலே பார்வையாளர் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். முதல் சொல்லைத் தாமதமாகத் தொடங்குவது போதும்.

மேக்கப் பேயாகத் தெரிவதற்குக் காரணம் கறுப்புப் பென்சில். சுருக்கத்துக்குக் கறுப்பு ஆகாது, பழுப்புதான். முதலில் பான்கேக் என்ற மேக்கப் பூச்சை ஈர ஸ்பாஞ்சில் எடுத்து, அவள் நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிறியதாக மெல்லிசாக ஒரே பூச்சு. காய்ந்ததும் முகத்தைச் சுளிக்கச் சொல்லுங்கள், சிரிக்கச் சொல்லுங்கள். எங்கே மடிப்பு விழுகிறதோ அங்கே மட்டும் பழுப்புப் பென்சில் கோடு. அவள் முகத்தில் இல்லாத மடிப்பை வரைந்தால் பேசும்போது கோடு ஒரு பக்கம் போகும், தோல் ஒரு பக்கம் போகும். கோட்டின் கீழ் ஓரத்தை விரலால் கரைத்துவிடுங்கள், மேல் ஓரம் அப்படியே இருக்கட்டும். கோட்டை ஒட்டி ஒரு நூல் அளவு வெளிர்நிறம். கன்னத்துக் குழியிலும் நெற்றிப் பொட்டிலும் பழுப்பு நிழல். பவுடரை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். டிசம்பர் ஈரத்தில் தேய்த்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகிவிடும்.

தலைக்கு டால்கம் பவுடர் வேண்டவே வேண்டாம். முதல் வசனத்திலேயே கறுப்புச் சேலைத் தோளில் கொட்டும். வெள்ளைப் பான்கேக்கைத் தண்ணீரில் குழைத்து, பழைய பல்துலக்கியால் காதோரத்திலும் வகிட்டிலும் வேரிலிருந்து நுனிப்பக்கமாக இழுங்கள். முழுத்தலையும் வெளுக்கத் தேவையில்லை. கடைசியில் கையைப் பாருங்கள். முகம் 84, கை 19 என்றிருந்தால் முதல் வரிசைக்கே தெரிந்துவிடும். புறங்கை நரம்புகளுக்கு இடையே லேசாகப் பழுப்பு நிழல், கண்ணாடி வளையல் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மேடை விளக்கைப் போட்டு, ஹாலின் நடுவிலிருந்து பாருங்கள். கண்ணாடி முன் நன்றாக இருப்பது எல்.இ.டி. விளக்கில் அழுக்காகத் தெரியும்.

இரண்டு பேர் ரோமியோ வேஷத்துக்குச் சண்டை போட்டால், இரண்டு பேரையும் போடலாமா?
– வாசகசாலை உறுப்பினர், தக்கலை

போடலாம், முன்னுதாரணமே உண்டு. 1935 அக்டோபரில் லண்டன் நியூ தியேட்டரில் ஜான் கீல்குட் இயக்கிய நாடகத்தில், முதலில் ஒலிவியர் ரோமியோ, கீல்குட் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ. ஆறு வாரம் கழித்து இருவரும் வேடத்தை மாற்றிக்கொண்டார்கள். ஜூலியட் மாறவில்லை, அது ஆஷ்கிராஃப்ட். செவிலியாக ஈடித் எவன்ஸ். மொத்தம் 186 காட்சி, அந்த நாடகத்துக்கு அன்றைய சாதனை. ஒலிவியர் துடிப்பான வாலிபன், ஆனால் செய்யுளை உடைக்கிறார் என்றார்கள். கீல்குட் செய்யுளைப் பாட்டாக்கினார். இரண்டு வேகத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது ஜூலியட்தான்.

அதனால் உங்கள் கவனம் ரோமியோக்கள்மேல் இருக்க வேண்டாம். யார் எங்கே நிற்பது, எந்த வரியில் நகர்வது என்பது இருவருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். நடிப்பு அவரவர் இஷ்டம். கதாநாயகி இரண்டு பேரோடும் சம அளவு ஒத்திகை பார்க்க வேண்டும். வழக்கமாக ‘நல்ல’ ரோமியோவோடு பத்தும் மற்றவரோடு இரண்டும் நடக்கும், மேடையில் தெரிந்துவிடும். கத்திச்சண்டை இருந்தால் இரண்டு ஜோடிக்கும் தனித்தனியாகப் பழக்குங்கள். உயரம் மாறினால் வீச்சும் மாறும்.

‘ஜுவல் இன் தி கிரௌன்’ தொடரில் அவர் மிஷன் டீச்சராமே. எங்கள் ஊர் மிஷன் அம்மாக்கள் மாதிரியா?
– வாசகி, நெய்யூர்

பார்பி பாச்சலர் என்பது வேடத்தின் பெயர். மிஷன் பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், ஒரு மலையூரில் ராணுவக் குடும்பத்து விதவையின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். பால் ஸ்காட்டின் நாவல்களை வைத்து எடுத்த பதினான்கு பகுதித் தொடர், 1984இல் ஒளிபரப்பானது.

மாதிரியா என்றால், பாதிதான். உங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். கன்டோன்மென்ட், துரைமார் கிளப், கர்னல் மனைவிகளின் தேநீர்க் கூட்டம் எல்லாம் பார்பியைச் சுற்றி இருந்த அளவுக்கு இங்கே கிடையாது. இங்கே வந்த லண்டன் மிஷன் பெண்களுக்குக் கையில் வேலை இருந்தது. 1820களில் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அது இங்கே ஒரு தொழிலாகவே நின்றது. பார்பிக்கோ வேலையும் முடிந்துவிட்டது, அந்தச் சமூகத்தில் இடமும் இல்லை. நிறுத்தாமல் பேசுவார், யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியில் பேச்சே நின்றுபோகிறது. ஆஷ்கிராஃப்ட் அந்த ஓயாத பேச்சைக் கேலிக்கூத்தாக்காமல் நடித்திருப்பதால்தான் அந்த மௌனம் உறைக்கிறது. இந்த வேடத்துக்கு பிரிட்டனின் பாஃப்டா தொலைக்காட்சி விருதும் கிடைத்தது. எங்களைக் கேட்டால் மிசஸ் மூரைவிட பார்பி பெரிய வேலை.

பெக்கெட்டின் ‘ஹேப்பி டேஸ்’ நாடகத்தை 1975இல் ஆஷ்கிராஃப்ட் நேஷனல் தியேட்டருக்காக நடித்ததாகப் படித்தேன். இடுப்பு வரை மண்ணில் புதைந்த பெண். கல்லூரி மேடையில் அந்த மண்மேட்டை எப்படிச் செய்வது?
– ஆங்கில இலக்கிய மாணவி, நாகர்கோவில்

முதலில், நாடக உரிமை இன்னும் காப்பில் இருக்கிறது. அனுமதி வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள். முதல் அங்கத்தில் அந்தப் பெண், வின்னி, இடுப்புக்கு மேல் வெளியே, இரண்டாம் அங்கத்தில் கழுத்து வரை உள்ளே. எல்லோரும் செய்யும் தப்பு, இடைவேளையில் மேட்டை உயர்த்தப் பார்ப்பது. மேடு அப்படியே இருக்கட்டும், இருக்கையைத் தாழ்த்துங்கள். மேட்டின் உயரம் 28 அங்குலம். முதல் அங்கத்துக்கு உள்ளே 18 அங்குல முக்காலி. இரண்டாவதுக்கு ஐந்து அங்குல மணைப்பலகை, காலை முன்னால் நீட்டியபடி. அதனால் மேட்டின் உள்ளே முன்பக்கம் நாலடியாவது காலியிடம் வேண்டும். இதை அளக்காமல் கட்டிவிட்டு, கடைசி ஒத்திகையில் கால் மடங்காமல் தவிப்பார்கள். நடிப்பவரின் உயரத்துக்கு ஏற்ப ஓரிரு அங்குலம் கூட்டிக் குறையுங்கள்.

சட்டகத்துக்கு உங்கள் ஊரில் கமுகு வாரி இருக்க வேறெதுவும் தேடவேண்டாம். வளையும், எடையும் இல்லை. கயிற்றால் கட்டி, மேலே சாக்கு. பெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து சாக்கில் பூசி, ஈரமாக இருக்கும்போதே மணலைத் தூவிவிடுங்கள். மைதாப் பசை காய்ச்சினால் எலி வரும். எலிக்குப் பயந்து துரிசு (மயில்துத்தம்) கலந்தால் நடிப்பவரின் தோலில் படும். இரண்டாம் அங்கத்துக்கு, நடுவில் அரைவட்டம் வெட்டிய பிளைவுட் பலகை இரண்டு. கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி, விளிம்பில் ஸ்பாஞ்ச். இடைவெளி குறைந்தால் குரல் நெரியும்.

பின்பக்கம் முழுவதும் திறந்தே இருக்கட்டும். ஒரு சின்ன ஃபேன், தண்ணீர்க் குழாய், பலகையை இழுத்துவிடத் தெரிந்த ஒருவர், கடைசி வரை அங்கேயே. சூடான ஹாலஜன் விளக்கு நாலடிக்குள் வரக்கூடாது, அடியில் இருப்பது காய்ந்த சாக்கு. கறுப்புப் பை வின்னியின் இடக்கைப் பக்கம், குடை வலக்கைப் பக்கம்; பெக்கெட் அப்படித்தான் குறித்திருக்கிறார். ஒத்திகையின் முதல் வாரம் ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் உள்ளே உட்காரவேண்டாம்.

ஆஸ்கர் வாங்க ஏன் போகவில்லை?
– வாசகர், குளச்சல்

மிசஸ் மூர் வேடத்துக்கு ஆஸ்கர் கொடுத்த அந்த விழா 1985 மார்ச் 25. அதற்கு நான்கு நாள் முன்புதான் நெடுநாள் சகநடிகர் மைக்கேல் ரெட்கிரேவ் காலமாகியிருந்தார். அதனால் போகவில்லை. ஆஷ்கிராஃப்டுக்குப் பதில் ஏஞ்சலா லான்ஸ்பரி பெற்றுக்கொண்டார். சிறந்த துணை நடிகைப் பிரிவில் அவ்வளவு வயதில் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே வேடத்துக்கு பிரிட்டனின் பாஃப்டா முதன்மை நடிகை விருதைக் கொடுத்தது.

அவருடைய படங்களில் எதை முதலில் பார்க்கலாம்? எங்கள் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லித்தர உதவுமா?
– நாடக ஆசிரியர், குலசேகரம்

ஹிட்ச்காக்கின் ‘தி 39 ஸ்டெப்ஸ்’, 1935. ஸ்காட்லாந்து விவசாயி ஒருவரின் இளம் மனைவியாகச் சில நிமிஷங்களே வருகிறார். சாப்பாட்டு மேசைக் காட்சியை மட்டும் மூன்று தடவை போடுங்கள். புருஷன் ஜெபம் செய்கிறான். மேசைமேல் கிடக்கும் செய்தித்தாளில் கொலைச் செய்தி. அதைப் படித்த அவள் கண், விருந்தாளியின் கண்ணைப் பார்க்கிறது. ஜெபத்துக்கு நடுவே கண்ணைத் திறந்த புருஷன் அதைப் பார்த்துவிட்டு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறான். முதல் தடவை சத்தத்தோடு, இரண்டாவது சத்தமில்லாமல், மூன்றாவது அவள் கண்ணை மட்டும் கவனிக்கச் சொல்லி. பிறகு அதே காட்சியைப் பிள்ளைகள் நடிக்கட்டும். முதலில் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், புருவத்தைத் தூக்குவார்கள். கேமராவுக்குக் கண் போதும், ஹாலின் கடைசி பெஞ்சுக்குப் போதாது. மேடைக்கு அதையே செய்ய வேண்டுமானால் கண்ணுக்கு முன் கை நிற்க வேண்டும்: கரண்டியைப் பாதியில் நிறுத்துவது, ரொட்டியைக் கீழே வைப்பது.

அடுத்து ‘எ பாசேஜ் டு இந்தியா’. மசூதியில் நிலா வெளிச்சத்தில் டாக்டர் அசீஸ் மிசஸ் மூரை அதட்டும்போது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தேன் என்கிறாரே, அந்த இடத்தில் எவ்வளவு குறைவாக அசைகிறார் என்று பாருங்கள். படத்தில் வரும் மலை ரயில் நம் நீலகிரிப் பாதை. பிள்ளைகளுக்கு அதுவும் பிடிக்கும். ‘வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்’ பி.பி.சி. பதிவு கிடைத்தால் கடைசியாக வையுங்கள். மொழி கடினம், நீளமும் அதிகம். மார்கரெட் வரும் இடங்களை மட்டும் வெட்டிப் போட்டால் போதும்.